கிட்டார் கம்பித் தகராறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

விரல் வலித்தால் மெல்லிய கம்பி செட், ஒலி மந்தமானால் விலை கூடிய செட். கிட்டார் கம்பியில் காசு கரைவது பெரும்பாலும் இப்படித்தான். வலிக்குக் காரணம் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளப் பட்டை) உயரமாக இருக்கும், மந்தத்துக்குக் காரணம் ஆறு மாத வியர்வையாக இருக்கும். புது செட் வாங்கி மாட்டியும் பாதிக் குறை அப்படியே நிற்கும். ஆகவே கீழே அறிகுறி வாரியாகப் போகிறோம். உங்களுக்கு உள்ள தொல்லையின் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது.

இப்போது மாட்டியிருப்பது என்ன செட்?

பாக்கெட்டில் 12-53 என்று இருந்தால் மெல்லிய 1ஆம் கம்பி 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ.; தடித்த 6ஆம் கம்பி 0.053 அங்குலம், 1.35 மி.மீ. அக்கூஸ்டிக் கிட்டாருக்கு வழக்கமாகக் கிடைப்பவை 10-47 (எக்ஸ்ட்ரா லைட்), 11-52 (கஸ்டம் லைட்), 12-53 (லைட்), 13-56 (மீடியம்). எலக்ட்ரிக்குக்கு 9-42, 10-46, 11-49. 'லைட்' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அக்கூஸ்டிக்கில் லைட் என்றால் 12, எலக்ட்ரிக்கில் லைட் என்றால் 10. எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் சரி.

பாக்கெட் தொலைந்துவிட்டதா? வெர்னியர் காலிப்பர் இருந்தால் 1ஆம் கம்பியை அளந்தாலே போதும். இல்லாவிட்டால் 3ஆம் கம்பியைப் பாருங்கள். அக்கூஸ்டிக் செட்டில் அது பெரும்பாலும் மேலே உலோக இழை சுற்றிய கம்பியாக இருக்கும். எலக்ட்ரிக் செட்டில் வெறும் எஃகுக் கம்பி. உங்கள் அக்கூஸ்டிக்கில் 3ஆம் கம்பி வழவழவென்று வெறும் எஃகாக இருந்து, சுற்றுக் கம்பிகளும் பொன்னிறமாக இல்லாமல் வெள்ளி நிறத்தில் இருந்தால், யாரோ எலக்ட்ரிக் செட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஒலி சன்னமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இன்னொரு கணக்கும் கையில் இருக்கட்டும். ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் வெறும் எஃகுக் கம்பியின் இழுவிசை அதன் தடிமனின் வர்க்கத்தில் ஏறும். அதிரும் கம்பி நீளம் 648 மி.மீ. உள்ள கிட்டாரில் வழக்கமான சுருதியில் 1ஆம் கம்பி 12 எண் (0.012 அங்குலம்) என்றால் சுமார் 10.6 கிலோ இழுக்கும்; 11 சுமார் 8.9 கிலோ, 10 சுமார் 7.3 கிலோ. ஒரே ஒரு எண் இறங்கினால் 16 சதவீதம் குறைகிறது, இரண்டு இறங்கினால் 30. ஆறு கம்பியும் சேர்ந்து 12-53 செட் ஏறத்தாழ 73 கிலோ இழுக்கும். ஒரு முழு ஆள் பிரிட்ஜில் (உடலில் கம்பிகளைப் பிடித்து வைக்கும் கட்டை) தொங்குகிற மாதிரி. அந்த எடை கூடினாலும் குறைந்தாலும் கழுத்து வளைந்து கொடுக்கும் என்பது கீழே பல இடங்களில் வரும்.

விரல் வலிக்கிறது, பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது) அழுத்த முடியவில்லை

புதிதாகக் கற்பவருக்கு விரல் நுனி வலி முதல் சில வாரங்கள் இருக்கத்தான் செய்யும். கட்டை விரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி என்றால் அது கையை வைக்கும் விதத்தின் கோளாறு. கம்பியை மாற்றித் தீராது. மற்றபடி இந்த வரிசையில் பாருங்கள்.

கேப்போவை (எல்லாக் கம்பியையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) 1ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) போட்டு அதே கார்டுகளை வாசியுங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் குற்றவாளி நட். கேப்போ போட்டதும் கம்பியின் உயரத்தை நட்டுக்குப் பதில் ஃப்ரெட் தீர்மானிக்கிறது, அதனால்தான் இந்தச் சோதனை பொய் சொல்லாது. உறுதிப்படுத்த, கம்பியை 2ஆம் 3ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு 1ஆம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவே வெளிச்சம் எவ்வளவு தெரிகிறது என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரு ஏ4 தாள் (சுமார் 0.1 மி.மீ.) உரசிக்கொண்டு நுழைகிற அளவு இருந்தால் சரி. விசிட்டிங் கார்டு தாராளமாகப் போய்வந்தால் நட் உயரம். விலை குறைந்த கிட்டார்களில் இந்தக் குறை மிக சாதாரணம், ஏனென்றால் நட் பள்ளத்தை ஒவ்வொன்றாக அளந்து அறுப்பதற்கு ஆள் நேரம் தேவை. உயரமாக விட்டுவிட்டால் தொழிற்சாலைக்குப் பிரச்சினையில்லை, கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையாது அல்லவா!

நட் பள்ளத்தை அறுக்க அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கு ஏற்ற அரம் வேண்டும். அது இல்லாமல் கைக்குக் கிடைத்த ரம்பத்தை எடுக்காதீர்கள். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சீக்கிரம் முடிகிற வேலை. அதிகமாக அறுத்துவிட்டால் சமையல் சோடா தூவி ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு மறுபடி அறுக்கலாம். தற்காலிகத்துக்கு நிற்கும்.

கேப்போ போட்டும் 5ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே கடினமாகவே இருந்தால் 12ஆம் ஃப்ரெட்டில் உயரத்தை அளக்க வேண்டும். ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. தடிமன், எல்லா வங்கியிலும் ஒரே அளவு. (எம்போஸ் எழுத்து இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள்.) அக்கூஸ்டிக்கில் மூன்று கார்டை அடுக்கி 12ஆம் ஃப்ரெட்டின் மேல் வைத்தால் 6ஆம் கம்பியைத் தொட்டும் தொடாமலும் நுழைய வேண்டும்: 2.3 மி.மீ. 1ஆம் கம்பிக்கு அடியில் இரண்டு கார்டு நுழைந்து சற்றே இடம் மிஞ்ச வேண்டும்: 1.6 முதல் 2 மி.மீ. நாலு கார்டு தாராளமாக நுழைந்தால் என்ன செட் மாட்டினாலும் வலிக்கும்.

உயரத்தைக் குறைக்கும்முன் கழுத்தின் வளைவைப் பார்த்துவிடுங்கள். 6ஆம் கம்பியை 1ஆம் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் 14ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் 7ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளி பாருங்கள். மடித்த ஏ4 தாள் நுழைகிற அளவு, அதாவது 0.2 முதல் 0.25 மி.மீ., போதும். அதைவிட அதிகம் என்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) கடிகார முள் போகும் திசையில் கால் திருப்பு திருப்புங்கள். மறுபடி சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டு, அளந்து பார்த்த பிறகே அடுத்த கால் திருப்பு. ஆலன் கீ இறுகி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் காட்டினால் ராட் முறியும், பிறகு கழுத்தையே பிரிக்க வேண்டிவரும்.

வளைவு சரியாகி, உயரம் மட்டும் கூடுதலாக நின்றால் சேடிலின் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அடிப்பாகத்தைத் தேய்க்க வேண்டும். 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நட்ட நடுவில் இருப்பதால் அங்கே குறைய வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு சேடிலில் எடுக்க வேண்டும். 3.1 இருப்பது 2.3 ஆக வேண்டும் என்றால் 0.8 அல்ல, 1.6 மி.மீ. சேடிலைக் கழற்றி, பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் தகட்டின் மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பக்கத்தை மட்டும் நேராகத் தேயுங்கள். கோணல் விழுந்தால் சேடில் பள்ளத்தில் முழுமையாக உட்காராது. அடியில் பிக்கப் (ஆம்ப்புக்கு ஒலியை அனுப்பும் கருவி) இருந்தால் சில கம்பிகள் மட்டும் ஒலி குன்றும். தேய்த்த பிறகு சேடில் பிரிட்ஜுக்கு மேல் 2 மி.மீ.க்குக் குறையாமல் தெரிய வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் கம்பி சேடிலை அழுத்தும் கோணம் போய்விடும், கிட்டாரின் சத்தமே சுருங்கும்.

இத்தனையும் சரி, இன்னும் வலிக்கிறது என்றால்தான் செட்டின் எண்ணில் கை வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் காசில்லாத வழி ஒன்று உண்டு. இருக்கிற 12 செட்டை எல்லாக் கம்பியிலும் அரைச் சுரம் இறக்கி, 1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். இழுவிசை 11 சதவீதம் குறைந்து ஏறத்தாழ 11 செட்டின் பிடிக்கு வந்துவிடும். சுருதி பழையபடியே கேட்கும். ஒரு வாரம் இப்படி வாசித்துப் பிடித்திருந்தால் 11-52 வாங்குங்கள். 12இலிருந்து நேராக 10க்குத் தாவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. வலி போகும், கூடவே பெரிய உடல் கிட்டாரின் அடித்தொனியும் போகும். வேகமாக ஸ்ட்ரம் பண்ணினால் கம்பி ஃப்ரெட்டில் அடிக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிக் கேட்கும்.

எலக்ட்ரிக்கில் கணக்கு வேறு மாதிரி. கம்பியை வளைத்து வாசிப்பவருக்கு, குறிப்பாகக் கர்நாடக இசைக்குக் கமகம் இழுப்பவருக்கு, 9-42 செட்டும் இறக்கின சுருதியும் கைக்கு வரும். அதிரும் கம்பி நீளம் 628 மி.மீ. உள்ள கிட்டாரில் அதே செட் 648 மி.மீ. கிட்டாரைவிட 6 சதவீதம் தளர்வாக இருக்கும். ஆகவே நண்பரின் கிட்டாரில் 10 செட் பஞ்சு மாதிரி இருந்தது என்பதை வைத்து உங்கள் கிட்டாருக்கு முடிவு செய்ய வேண்டாம்.

ஒலி மந்தமாகிவிட்டது

கம்பியின் அடிப்பக்கத்தை, ஃப்ரெட்டைத் தொடும் பக்கத்தை, நகத்தால் மெல்ல வருடிக்கொண்டு போங்கள். 1 முதல் 5ஆம் ஃப்ரெட் வரை உள்ள இடங்களில் நகம் சின்னச் சின்னப் பள்ளத்தில் தட்டுப்படும். ஃப்ரெட் உலோகம் சுற்றிழையைத் தட்டையாக்கிய தடம் அது. பிறகு ஒரு வெள்ளைத் துணியை 4ஆம் கம்பிக்கு அடியில் விட்டு இழுத்துப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் சுற்றிழைகளுக்கு நடுவே வியர்வை, தோல் துகள், உலோகத் துரு எல்லாம் அடைந்து கிடக்கிறது. கம்பி கனத்துவிட்டது, அதுவும் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு. ஒலியின் உச்ச அதிர்வுகள் முதலில் சாகும். 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக் (அழுத்தாமல் தொட்டு மட்டும் மீட்டுவது) ஒரு சுருதியும் அழுத்தினால் வேறு சுருதியும் காட்டும். இந்த நிலையில் டியூனரோடு மல்லுக்கட்டுவது வீண். மாற்றுங்கள்.

சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் வெறும் எஃகான 1, 2ஆம் கம்பிகள் துருப்பிடிப்பதுதான் முதலில் தெரியும். விரல் வழுக்காமல் சொரசொரவென்று நிற்கும். உள்ளங்கை வியர்ப்பவருக்கு இது இன்னும் சீக்கிரம். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகப் பிடித்துத் துடைத்தாலே ஆயுள் கணிசமாக நீளும். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதையும் தடவாதீர்கள். சுற்றிழைக்குள் போய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பி இன்னும் ஊமையாகும். பழைய சுற்றுக் கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் அழுக்கு கழன்று ஒலி ஓரிரு நாள் திரும்பி வரும். கச்சேரிக்கு முந்தைய இரவு, கடை மூடிவிட்டது என்றால் செய்யலாம். வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

புது செட் எடுக்கும்போது உலோகத்தைப் பாருங்கள். 80/20 பிரான்ஸ் என்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். உலோகக் கணக்கில் அது பித்தளைதான். பெயர் மட்டும் வெண்கலம். மாட்டிய அன்று கணீரென்று இருக்கும், ஒரு வாரத்தில் அந்தப் பளபளப்பு இறங்கும். ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் என்பது செம்போடு சுமார் 8 பங்கு வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் சேர்ந்தது. டாடாரியோ கம்பெனி 1974இல் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. கொஞ்சம் கனிந்த ஒலி, துருவைத் தாங்கும் சக்தி கூடுதல். மேலே மெல்லிய பாலிமர் பூச்சுப் போட்ட கம்பி, எலிக்சர் கம்பெனி 1997இல் தொடங்கிவைத்த வகை, விலை கூடுதல். ஆனால் வியர்க்கும் கைக்கும் கடற்காற்றுக்கும் சாதா செட்டை விடப் பல மடங்கு நாள் வரும். மாதாமாதம் சாதா செட் மாற்றுபவருக்குக் கணக்குப் போட்டால் பூச்சுக் கம்பிதான் மலிவு. பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) அடிக்கிற இடத்தில் நாளாவட்டத்தில் பூச்சு நார் நாராக உரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒலி கெடும்வரை வாசிக்கலாம்.

ஒலி காதைக் குத்துகிறது, அல்லது அடித்தொனி மட்டும் குமுறுகிறது

புதுக் கம்பி என்றால் நாலைந்து மணி நேரம் வாசியுங்கள், தானே அடங்கும். அதன் பிறகும் தகரம் மாதிரி ஒலித்தால் முதலில் பிக்கை மாற்றுங்கள். 0.46 மி.மீ. பிக்கின் 'டிக் டிக்' ஓசையைத்தான் பலர் கம்பியின் குற்றம் என்று நினைக்கிறார்கள். 0.73 அல்லது 0.88 எடுத்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடிக்காமல் ஒலித்துளைக்கு மேலே அடித்துப் பாருங்கள். இதற்கும் அடங்காவிட்டால் 80/20ஐ விட்டு ஃபாஸ்ஃபர் பிரான்ஸ். சின்ன உடல் கிட்டார் என்றால் 10க்குப் பதில் 11 அல்லது 12.

டிரெட்நாட் மாதிரி பெரிய உடலில் 5, 6ஆம் கம்பிகள் மட்டும் பாட்டை மூடிக்கொண்டு குமுறினால் இதற்கு நேர் எதிர்: 80/20 போடுங்கள்.

செட் மாற்றியதும் இரைகிறது

நேற்றுவரை சுத்தமாக இருந்தது, 12 கழற்றி 10 மாட்டினேன், இரைகிறது. காரணம் நேரடியானது. கழுத்தை முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த கிலோக் கணக்கான இழுவிசை போய்விட்டது, ட்ரஸ் ராட் மட்டும் பழைய பலத்தோடு பின்னுக்கு இழுக்கிறது. கழுத்து நேராகி, சில நேரம் பின்னுக்கே வளைந்து, கம்பி ஃப்ரெட்டை உரசுகிறது. ராடைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கால் திருப்பு தளர்த்துங்கள். மெல்லிதிலிருந்து தடித்த செட்டுக்குப் போனால் எதிர்மாறாக நடக்கும். கழுத்து முன்னால் குழிந்து நடுவில் உயரம் கூடும்.

எந்த இடத்தில் இரைகிறது என்பதை வைத்து மீதியைப் பிடிக்கலாம். ஓபனில் மட்டும் இரைந்து, ஏதாவது ஃப்ரெட்டில் அழுத்தியதும் சுத்தமானால் நட் பள்ளம் ஆழம். 1 முதல் 5க்குள் என்றால் கழுத்து வளைவு போதவில்லை. 12க்கு மேலே என்றால் சேடில் தாழ்வு, அல்லது கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மேடு. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது. அது செட் மாற்றித் தீராது, ஃப்ரெட்டைச் சமன்படுத்தத்தான் வேண்டும்.

ஓபனில் வருவது கிர்ரென்ற இரைச்சலாக இல்லாமல், தம்பூராவில் ஜீவா நூல் வைத்து வரவழைக்கும் ரீங்காரம் மாதிரி நீண்டு வந்தால் அது ஆழக் கோளாறு அல்ல. மெல்லிய கம்பி அகலப் பள்ளத்தில் ஆடுகிறது, அல்லது பள்ளத்தின் அடி ஃப்ரெட் பக்கமாகச் சரிந்து கம்பி மேலோட்டமாக உரசுகிறது. தம்பூராவில் தேடிக் கொண்டுவருகிற அதே உரசல்தான். பள்ளத்தின் உச்சி ஃப்ரெட்போர்டைப் பார்த்த விளிம்பில் இருக்கும்படி, பெக் (கம்பியைச் சுற்றி இறுக்கும் திருகு) பக்கமாகச் சரிவு கொடுத்து அறுக்க வேண்டும்.

கம்பியே காரணமில்லாத இரைச்சலும் உண்டு. பெக்கில் வெட்டாமல் விட்ட கம்பி வால் ஒன்றோடொன்று உரசும். பெக்கைச் சுற்றியுள்ள மரை தளர்ந்திருக்கும். உடலுக்குள் பிக்கப் ஒயர் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரையும் சுரத்தை ஒரு கையால் மீட்டிக்கொண்டே இன்னொரு கையால் இவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் நின்றால் அதுதான்.

சுருதி நிற்க மாட்டேன் என்கிறது

புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும். சுருதி சேர்த்து, 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியை இரண்டு விரலால் பிடித்து ஒரு விரல்கடை தூக்கி விட்டு, மறுபடி சேர்த்து, இப்படி மூன்று நான்கு முறை செய்தால் அன்றே நிலைக்கு வரும். வராவிட்டால் மாட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

பிரிட்ஜ் துளையில் கம்பியைப் பிடித்து நிறுத்தும் பின் (ஆணி போன்ற முளை) உள்ள கிட்டாரில் கம்பி நுனியின் குண்டு பின்னின் அடியில் தொங்கக் கூடாது. பலகையின் அடிப்பக்கத்தில் பக்கவாட்டாக இடித்து நிற்க வேண்டும். மாட்டும்போது குண்டுக்கு அருகே கம்பியை லேசாக வளைத்து உள்ளே விடுங்கள். பின்னை அதன் பள்ளம் ஃப்ரெட்போர்டைப் பார்க்க வைத்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுங்கள். குண்டு இடம் பிடித்ததும் கையில் ஒரு சின்ன இடிப்பு தெரியும், பின் மேலே எழும்பாது. எழும்பினால் குண்டு பின்னின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. சுருதி சேர்க்கச் சேர்க்கப் பின் பட்டாசு மாதிரி தெறிக்கும். டாடாரியோ செட்டில் குண்டுகள் வண்ணத்தில் வரும்: 6ஆம் கம்பி பித்தளை நிறம், 5 சிவப்பு, 4 கறுப்பு, 3 பச்சை, 2 ஊதா, 1 வெள்ளி.

பெக்கில் சுற்றுக் கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, வெறும் கம்பிக்கு மூன்று நான்கு. ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். பெக்கைத் தாண்டி சுமார் 5 செ.மீ. தளர்வு விட்டு மடித்தால் கணக்கு சரியாக வரும். மெல்லிய கம்பிக்கு 7 செ.மீ. விடலாம். எட்டுச் சுற்றுச் சுற்றி வைத்தால் அத்தனை சுற்றும் இறுகும்வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

பெக் திருப்பும்போது நட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவுகிறதா? கம்பி பள்ளத்தில் மாட்டிக்கொண்டு விடுபடுகிறது. 10 செட்டுக்கு அறுத்த பள்ளத்தில் 12 மாட்டினால் இது வரும். 2பி பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துக் கிராஃபைட் தூள் விழச் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் பள்ளத்தை ஒரு எண் அகலப்படுத்த வேண்டும். சுருதியை எப்போதும் கீழிருந்து ஏற்றிச் சேருங்கள். தாண்டிவிட்டால் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள்.

கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது

அறுந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் எங்கே அறுந்தது என்று பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டாவது முறை அறுந்தால் அந்த இடத்தில் கூர்மை இருக்கிறது. சேடிலில் என்றால் கம்பி உட்காரும் இடத்தை 600 நம்பர் உப்புத்தாளை மடித்து வழவழப்பாக்குங்கள். எலக்ட்ரிக்கில் உலோகச் சேடிலின் பிசிறு கண்ணுக்குத் தெரியாது. பஞ்சை உரசினால் இழை சிக்கும். பெக்கில் என்றால் துளையின் விளிம்பு. பிக் படும் இடத்தில் என்றால் துரு, அல்லது அடியின் வேகம்.

கற்கத் தொடங்கியவர் முதல் நாளே 1ஆம் கம்பியை அறுப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். டியூனர் ஆப் 'ஈ' என்று பச்சை காட்டினால் போதும் என்று ஏற்றிக்கொண்டே போவது. ஒரு ஸ்தாயி மேலே போனாலும் அதே எழுத்துதான். ஆனால் அதற்கு நான்கு மடங்கு இழுவிசை வேண்டும், எஃகு தாங்காது. எழுத்தோடு ஹெர்ட்ஸையும் பாருங்கள். 6இலிருந்து 1 வரை 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6.

ஆம்ப்பில் 2ஆம் கம்பி மட்டும் கத்துகிறது

அக்கூஸ்டிக்கின் ஒலித்துளையில் காந்தப் பிக்கப் மாட்டியவர்களுக்கு வரும் தொல்லை இது. காந்தம் எஃகைத்தான் கேட்கும், பிரான்ஸைக் கேட்காது. 3 முதல் 6 வரை உள்ள கம்பிகளில் நடுவிலுள்ள மெல்லிய எஃகு மட்டும் கேட்கிறது. 2ஆம் கம்பி முழுக்க எஃகு, அதனால் ஓங்கி ஒலிக்கிறது. பிக்கப்பில் கம்பிக்கொரு திருகு இருந்தால் 2ஆவதைக் கீழே இறக்குங்கள். இல்லாவிட்டால் நிக்கல் சுற்றிய அக்கூஸ்டிக் செட் தேடுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் பிரான்ஸ் செட்டை மாட்டியவருக்கும் இதே பதில்தான்: நிக்கல் செட்டுக்குத் திரும்புங்கள்.

கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பி மாட்டியாயிற்று

உடனே தளர்த்துங்கள். நைலான் செட் மொத்தம் 40 கிலோ அளவில்தான் இழுக்கும். அந்தக் கணக்கில் கட்டிய மெல்லிய பலகையும், பெரும்பாலும் ட்ரஸ் ராடே இல்லாத கழுத்தும், எஃகு செட்டின் 70 கிலோவைத் தாங்காது. நைலானில் ஒலி போதவில்லை என்றால் நார்மல் டென்ஷனிலிருந்து ஹார்ட் டென்ஷனுக்குப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். நைலான் மாட்டிய பிறகு நாலைந்து நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், அது கோளாறு அல்ல. 12ஆம் ஃப்ரெட்டில் 6ஆம் கம்பி 4 மி.மீ., 1ஆம் கம்பி 3 மி.மீ. உயரம் இங்கே இயல்பு. அக்கூஸ்டிக் அளவைப் பார்த்து சேடிலைத் தேய்த்துவிடாதீர்கள்.

எஃகைக் கழற்றியதும் பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு ஏ4 தாளின் ஓரத்தை நுழைத்துப் பாருங்கள். எங்கும் நுழையவில்லை என்றால் நைலான் மாட்டி வாசிக்கலாம். ஒரு மி.மீ.யாவது உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பியும் மாட்டாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். இடுக்கில் ஃபெவிக்விக் மட்டும் விடாதீர்கள். அவர் பிரிட்ஜைக் கழற்றி ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பிசினைச் சுரண்டி எடுக்கும் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.